முணுமுணுத்தாலும் மொழிபெயர்ப்பேன்

மார்ச் 4

மருமகளுக்கு,

வாங்க வந்தவர்கள் நேற்று பாதிப் பேச்சில் எழுந்து போய்விட்டார்கள். முந்நூறு கதவுக்குக் கீல், கைப்பிடி, பூட்டு எல்லாம் நம்மிடமே எடுப்பதாக வந்தவர்கள். கடலோரத்தில் ஓட்டல் கட்டுகிறார்கள். ஒரு அம்மாள்தான் முதலாளி. கூட அவருடைய இன்ஜினியர். இருவருக்கும் பிரெஞ்சுதான் பேச வரும். இங்கிலீஷில் நாம் சொன்னால் நன்றாகப் புரிந்துகொள்வார்கள், வாயைத் திறந்து பேசத்தான் வராது. அதற்காகத்தானே உன்னிடம் தாள் கேட்டேன். வழக்கமாகக் கேட்கிற பிரெஞ்சுக் கேள்விகள் ஒரு பக்கம், அதற்கு இங்கிலீஷ் மறுபக்கம் என்று நீயும் எழுதி அனுப்பினாய். அந்தத் தாள்தான் என் வியாபாரத்தைக் கெடுத்தது.

நடந்ததைச் சொல்கிறேன். நம் மேனேஜரைக் கடையில் எல்லாரும் துரை என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். வெயிலிலும் டை கட்டுகிற மனுஷன். உன் தாளை வாங்கிக்கொண்டு போனவன், போனில் யாரோ பேசுவதைக் கேட்டுக் கேட்டு, பிரெஞ்சுப் பக்கத்தை மனப்பாடம் பண்ணிவிட்டான். அந்த அம்மாள் உள்ளே வந்ததும் வாசலிலேயே நின்று "போன்ஜூர் மதாம்" என்றான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு இன்னும் இரண்டு வரி விட்டான். அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதற்கப்புறம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரிப் பேச ஆரம்பித்தார். துரைக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல டை விடவில்லை. ஆமாம் என்பதற்கு அவர்கள் "வீ" என்கிறார்களாமே, அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அம்மாள் கேட்டால் வீ. இன்ஜினியர் பூட்டைத் திருப்பிக் காட்டி ஏதோ கேட்டால் வீ, வீ. கீலை மேஜையில் தட்டிக் கேட்டால் அதற்கும் வீ. போகப் போக அம்மாள் முகம் மாறியது. கடைசியில் அவனுடைய டையைப் பார்த்து மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் சிரித்துக்கொண்டே வீ என்றான். பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"என்னடா கேட்டாங்க?" என்றேன்.

"விலைதான் கேட்டாங்க அம்மா, கூடன்னு நெனச்சிருப்பாங்க" என்கிறான்.

நீ கேள்விகளை மட்டும் எழுதினாய். பதிலை எழுதவில்லை. தப்பு அங்கேதான். பதிலோடு புதுத் தாள் எழுதி உடனே அனுப்பு. நீ வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் என்று என் மகனும் சொன்னான்.

போனில் பேசாமல் எழுதுகிறேன் என்று நினைக்காதே. போனில் பேசினால் நான் கத்தினேன் என்பாய், நீ அழுதாய் என்று அவன் சொல்வான். காகிதத்தில் இருந்தால் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

அத்தை


மார்ச் 9

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. நான் அழவில்லை. போனிலும் அழுததில்லை.

அந்த அம்மாள் கடைசியாகக் கேட்டது எந்த ஒலியில் இருந்தது என்று துரையிடம் போனில் கேட்டேன். "வூ வூ மொக்கே த நூ" என்று ஒப்பித்தார். காது நல்ல காது, அதில் குறை சொல்ல மாட்டேன். அதன் பொருள், "எங்களைக் கேலி செய்கிறீர்களா?" அதற்குத்தான் அவர் ஆமாம் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வி என் தாளில் இல்லை. நம் கடைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்கும்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தாளின் தலையில் சிவப்பில் ஒரு வரி எழுதியிருந்தேன். "இது அவர்கள் பேசுவதைப் புரிந்துகொள்ள மட்டும். பதிலை இங்கிலீஷிலேயே சொல்லவும். பிரெஞ்சில் வாய் திறக்க வேண்டாம்." அந்த வரி உங்கள் கைக்கு வந்ததா? யாராவது வெட்டிவிட்டு அட்டையில் ஒட்டினார்களா?

பதில் ஏன் எழுதவில்லை என்கிறீர்கள். பதில் உங்களுடையது அத்தை. பூட்டு எத்தனை வருஷம் வரும் என்று அவர்கள் கேட்டால் அதற்கு நான் எப்படிப் பதில் எழுத முடியும்? கேள்வியை மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. உங்களுக்காகப் பேசுவது என் வேலையில் சேராது.

இன்னொன்று. நான் சும்மா இருக்கவில்லை. துறைமுக ஆபீசுக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு நான்தான் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். எந்த இடத்தில் வலிக்கிறது, எப்போதிலிருந்து, மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு கேள்வியைத் தப்பாக மாற்றினால் ஒரு ஆளே போய்விடுவார். போன தடவை நான் ஊருக்கு வந்திருந்தபோது உங்கள் பாங்க் மேனேஜரிடம் என்னைக் காட்டி, "இவ வீட்டுலதான் இருக்கா, பொழுது போகாம ஏதோ எழுதுவா" என்று சொன்னீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தமிழ் எனக்கும் தெரியும்.

அந்தத் தாள் மருமகள் என்ற முறையில் கொடுத்தது. இனி வேண்டுமென்றால் கூலி பேசிக்கொண்டுதான் எழுதுவேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 15

மருமகளுக்கு,

மாமியாருக்கு மருமகள் பில் போடுகிற காலத்தையும் பார்த்துவிட்டேன். போடு, போடு. நானும் ஒரு பெட்டி தாழ்ப்பாளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் விற்றவள்தான். என் சொந்தச் சித்தப்பாவுக்கே ஓசியில் ஒரு ஸ்க்ரூ கொடுத்ததில்லை. ஆனால் அவர் என்னிடம் கோபித்துக்கொண்டு கடிதம் எழுதவில்லை.

உன் சிவப்பு வரியைத் துரைதான் வெட்டியிருக்கிறான். "அது எனக்கில்ல அம்மா, படிக்கத் தெரியாதவங்களுக்கு" என்று சொன்னான். இரண்டு நாளாக டை கட்டாமல் வருகிறான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நானே போய் அந்த அம்மாளிடம் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டேன். என் இங்கிலீஷ் கடை இங்கிலீஷ், ஆனாலும் நிமிர்ந்து நின்று பேசுவேன். அவர் கேட்டுக்கொண்டார். இன்னொரு தடவை உட்காரலாம் என்று கையால் காட்டினார். உன் உதவி வேண்டாம் என்று ஊரிலேயே ஒரு ஆளைப் பிடித்தேன். சுவரில் மூன்று சர்டிபிகேட் மாட்டியிருக்கிறார். நாகரிகமானவர். அதுதான் வினையாகிவிட்டது.

அம்மாள் ஒரு மூச்சு பேசினார், பேசிக்கொண்டே இருந்தார், கையை என் பக்கம் நீட்டி நீட்டிப் பேசினார். முடித்ததும் இந்த ஆள் என் பக்கம் திரும்பி இங்கிலீஷில், "நோ பிராப்ளம், மேடம் ஈஸ் வெரி ஹாப்பி" என்றார். இவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா? அம்மாளுக்கு இங்கிலீஷ் புரியும் என்றேனே. அதைக் கேட்டதும் அவர் முகம் புளியைக் கடித்த மாதிரி ஆனது. நான் ஆளுடைய முகம் பார்த்து விலை சொல்லிப் பிழைத்தவள். அந்த முகத்தில் பிராப்ளம் இருந்தது.

"அவங்க வேற என்னமோ கேட்டாங்களே?" என்றேன்.

"அது உங்ககிட்ட சொல்ற மாதிரி கேள்வி இல்லீங்க. விடுங்க, சாதாரணப் பேச்சு" என்கிறார்.

என்னிடம் சொல்லக்கூடாத கேள்வி என்னைப் பற்றித்தானே இருக்கும்? அந்தப் பேச்சைப் போனில் பிடித்து வைத்திருக்கிறேன். என் மகனுக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்டு, அந்த அம்மாள் சொன்னதை ஒன்று விடாமல் எழுது. அவர்கள் இந்த மாதம் முடிய இங்கேதான் இருப்பார்கள். வேறு இரண்டு கடையிலும் பேசுகிறார்கள். இந்த ஆர்டர் போனால் புது கோடவுனை மூட வேண்டியதுதான். அதில் வேலை செய்கிற ஒன்பது பேருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

இதற்குக் கூலி எவ்வளவு என்று எழுது.

அத்தை


மார்ச் 18

அன்புள்ள அத்தைக்கு,

கேட்டேன். நான்கு தடவை. முழுவதையும் இங்கிலீஷில் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். துரையும் படிக்கட்டும், சர்டிபிகேட்காரருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். உங்களுக்கான சுருக்கம் இது.

அந்த அம்மாளுக்குக் கீல் பிடித்திருக்கிறது. கைப்பிடி பிடித்திருக்கிறது. பூட்டு பற்றித்தான் அவருக்குச் சந்தேகம். கடல் காற்றில் உப்பு இருக்கும், உள்ளே துருப்பிடித்தால் விருந்தாளி அறைக்குள் மாட்டிக்கொள்வார். பிறகு சொல்கிறார்: "போன தடவை எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று ஒருவர் சொன்னார். இந்தத் தடவை எதற்கும் கவலை இல்லை என்று ஒருவர் சொல்கிறார். நான் இந்த இரண்டு பேரிடமும் கேட்கவில்லை. அதோ உட்கார்ந்திருக்கிற அம்மாளிடம் கேட்கிறேன். அவர் வீட்டு வாசல் கதவில் இந்தப் பூட்டுத்தான் இருக்கிறதா? தயவுசெய்து இதை அப்படியே கேளுங்கள், மாற்றாமல்."

அப்படியே என்ற வார்த்தையை அவர் இரண்டு தடவை சொல்கிறார்.

மரியாதைக் குறைவான கேள்வி என்று நினைத்து சர்டிபிகேட்காரர் விழுங்கிவிட்டார். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பிரெஞ்சில் கடைக்காரரிடம் சாதாரணமாகக் கேட்கிற கேள்விதான். உங்களைச் சமமாக மதித்ததால்தான் கேட்டிருக்கிறார்.

உங்கள் வாசல் கதவில் எந்தப் பூட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நான்தான் தினமும் பூட்டித் திறந்தேன். நம் பூட்டு இல்லை.

இதற்குக் கூலி வேண்டாம். இது கேட்டுக் கேட்டு எனக்கே ஆசை வந்து செய்தது.

உங்கள் மருமகள்


மார்ச் 21

மருமகளுக்கு,

படித்தேன். அந்த அம்மாள் மேல் கோபம் இல்லை. எனக்கே அப்படி ஒரு கேள்வி கேட்கத் தோன்றியிருந்தால் எத்தனை கொள்முதலில் ஏமாறாமல் இருந்திருப்பேன்.

நீ வா. 27ஆம் தேதி உட்காருகிறோம். ஆர்டர் கிடைத்தால் மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு உனக்கு. மகனுக்கே நான் இப்படி எழுதிக்கொடுத்ததில்லை. கணக்குப் போட்டுப் பார், தலை சுற்றும்.

நம் பூட்டு என் வாசலில் இல்லை என்பதை மட்டும் அங்கே சொல்ல வேண்டாம். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன், நீ அழகாக மாற்றிவிடு.

அத்தை


மார்ச் 23

அன்புள்ள அத்தைக்கு,

வருகிறேன். ஆனால் நூற்றுக்கு இரண்டு வேண்டாம்.

தலை சுற்றியது உண்மை. உங்கள் மகன், "வேணாம்னு எழுதினா நீ பைத்தியம்" என்றார். யோசித்துத்தான் எழுதுகிறேன். ஆர்டர் கிடைத்தால்தான் எனக்குக் காசு என்றால் என் வாய் ஆர்டர் பக்கம் சாயும். அந்த அம்மாள் சந்தேகமாகக் கேட்டதை நான் சாந்தமாக மாற்றுவேன். எனக்கே தெரியாமல் செய்வேன். அப்புறம் எனக்கும் சர்டிபிகேட்காரருக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு நாள் கூலி ஐயாயிரம் போதும். வியாபாரம் முடிந்தாலும் அதே கூலி, முறிந்தாலும் அதே கூலி.

நான் வேலை செய்கிற முறை இது. பிடிக்காவிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அந்த அம்மாள் சொல்வதை எல்லாரும் கேட்கும்படி சத்தமாக இங்கிலீஷில் சொல்வேன். நான் சரியாகச் சொல்கிறேனா என்று அவரும் காது கொடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் சொல்வதில் ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். பொய் சொன்னீர்கள் என்றால் பொய்யாகவே போகும், அழகாக மாற்றிக் கொடுக்க மாட்டேன். என் பக்கம் சாய்ந்து தமிழில் முணுமுணுத்தால் அதையும் மொழிபெயர்ப்பேன். உங்களுக்கு முணுமுணுக்கிற பழக்கம் உண்டு. அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

என் நாற்காலி மேஜை ஓரத்தில், உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்க வேண்டும். உங்களுக்குப் பின்னால் உட்கார மாட்டேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 24

மருமகளுக்கு,

நாற்காலி போட்டாகிவிட்டது. இரண்டை மூன்று ஆக்கு என்று கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டே வேண்டாம் என்று சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். வா.

அத்தை


ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பேச்சு முடிந்த அன்றைக்கு மாலையே ரயில் ஏறியதற்குக் கோபமா என்று தெரியவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் வேலை இருந்தது.

ஸ்டேஷன் வரை வந்தீர்கள். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தீர்கள். ரயில் கிளம்புகிற வரை பிளாட்பாரத்தில் நின்றீர்கள். நான் செய்த வேலை நன்றாக இருந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளி ஆட்கள் கூட முடிந்ததும் நன்றி சொல்வார்கள். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நீங்கள் பாட்டில் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கேட்டு வாங்குகிற பாராட்டில் சுகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். அன்றைக்கு நான் எப்படிச் செய்தேன்?

உங்கள் மருமகள்


ஏப்ரல் 7

மருமகளுக்கு,

எனக்கு முகத்துக்கு நேரே நல்ல வார்த்தை சொல்ல வராது. சரக்கைக் கூட நல்ல சரக்கு என்று சொல்லி விற்றதில்லை. வாங்குகிறவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நிற்பேன். உன்னிடமும் அப்படியே நின்றுவிட்டேன். எழுத்தில் சொல்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

அந்த அம்மாள் வாசல் கதவைப் பற்றி மறுபடி கேட்டதும், நீ கண்ணைக் கூடச் சிமிட்டாமல் சத்தமாக இங்கிலீஷில் என்னைப் பார்த்துக் கேட்டாய். சொந்த மருமகள் கேட்கிற மாதிரியே இல்லை. கோர்ட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. வீட்டிலிருந்து ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விட்டுவிட்டேன். அதனால்தான் உள்ளதைச் சொன்னேன்: என் கதவில் இருப்பது வேறு கம்பெனிப் பூட்டு, நான் இந்த வியாபாரத்துக்கு வருவதற்கு முன்னால் போட்டது, இன்னும் கெடவில்லை, கெடாததைக் கழற்றி எறிய எனக்கு மனசு வராது. நம் பூட்டு உள்ளூர்க் கதவுகளில் நன்றாகத்தான் உழைக்கிறது, கடல் காற்றில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதையும் சொன்னேன். தெரியாது என்ற வார்த்தையை வாங்க வந்த ஆளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த அம்மாள் பூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. உன் பக்கம் சாய்ந்து, "இந்தம்மா லேசுப்பட்ட ஆள் இல்லடி, நம்மள வித்துட்டு மீதிச் சில்லறையும் வாங்கிட்டுப் போயிடுவா" என்றேன். நீ எழுதியிருந்தது மறந்தே போய்விட்டது. அதையும் எடுத்து, ஒரு எழுத்து பிசகாமல், அவர் முகத்தைப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னாயே. எனக்கு நாற்காலிக்குக் கீழே போய்விடலாமா என்று இருந்தது. இன்ஜினியர் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். அம்மாள் என்னையே பார்த்து, "நானும் என் வீட்டில் உங்களைப் பற்றி இதைத்தான் சொன்னேன்" என்று சொன்னார். அதை நீ இங்கிலீஷில் சொல்லும்போது உன் குரலிலும் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. அது மட்டும் கூட்டியதுதான், பரவாயில்லை.

விலை பேசும்போது அவர், "ஓன் வா ரெஃப்லேஷிர்" என்றார். நீ, "வீ வில் திங்க் அபவுட் இட்" என்று சொன்னாய். சர்டிபிகேட்காரராக இருந்தால் மேடத்துக்குச் சம்மதம் என்று சொல்லியிருப்பார், நான் ஏமாந்து போயிருப்பேன். யோசிக்கிறேன் என்று சொல்லி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிற ஆள் இன்னும் ஒரு படி இறங்கச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். வார்த்தையை நீ அப்படியே கொடுத்ததால்தான் மீதியை நான் படிக்க முடிந்தது. இறங்கினேன். முடிந்தது.

நேற்று எழுத்தில் ஆர்டர் வந்தது. முந்நூறு கதவுக்கும் கீலும் கைப்பிடியும். பூட்டு ஒரு மாடிக்கு மட்டும், ஒரு வருஷம் பார்த்துவிட்டு மீதி. பூட்டு முழுசாகக் கிடைக்கவில்லையே என்று துரை முகத்தைத் தூக்கிக்கொண்டான். பொய் சொல்லியிருந்தால் முழுசும் கிடைத்திருக்கும், ஒரு வருஷத்தில் முழுசும் திரும்பி வந்திருக்கும் என்றேன். கோடவுன் ஓடும். ஒன்பது பேரும் அங்கேயேதான் இருப்பார்கள்.

நேற்று பாங்க் மேனேஜர் வந்தார். ஆர்டரைப் பார்த்து, "யார் பேசி முடிச்சது?" என்று கேட்டார். "பேசினது நான். நான் பேசினது அவங்களுக்கும் அவங்க பேசினது எனக்கும் போய்ச் சேர்ந்தது என் மருமகளால. துறைமுகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவதான் பண்றா. எங்களுக்குத் தேதி கொடுக்கறதே கஷ்டம்" என்றேன். சொல்லும்போது எனக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருத்துத்தான் போனது. ஒளிக்க மாட்டேன்.

இனிமேல் பிரெஞ்சு பேசுகிறவர்கள் அடிக்கடி வருவார்கள். அந்த அம்மாள் இரண்டு பேரை அனுப்புவதாகச் சொன்னார். அதனால் நாம் பேசிக்கொண்டதை முறையாக எழுதிவிடுகிறேன். சரி என்றால் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி அனுப்பு.

நாள் ஒன்றுக்கு ஆறாயிரம், ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும். ரயில் செலவு தனி, கீழ் பெர்த். கடைக்குப் புதுக் கேள்வித் தாள் எழுதித் தந்தால் அதற்கு நாலாயிரம், உன் பெயர் அச்சில், ஒரு வரி வெட்டக்கூடாது. வேலைக்கு வந்த நாளில் நீ என் வீட்டில் தங்கினாலும் சமையலறைப் பக்கம் வரக்கூடாது, சாப்பாடு என் பொறுப்பு. பதினைந்து நாளுக்கு முன்னால் தேதி கேட்பேன், உனக்குத் தோதுப்படாவிட்டால் வாங்க வருகிறவரைக் காத்திருக்கச் சொல்வேன். பேரம் கிடையாது. நீ ஐயாயிரம்தான் கேட்டாய், ஆறு நான் போட்டது.

அத்தை